உன் சிவப்பணுக்கள் ஏன் சிறியவை

மகனே,

இதை நீ வாசிக்கும் நாளில் என்னைவிட மூத்தவனாக இருப்பாய். எழுதுகிற எனக்கு இருபது வயதாக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நீ ஒருத்தியைக் கட்ட நினைக்கும்போது இந்தக் கடிதத்தை உன் கையில் தரவேண்டும் என்று எண்ணியிருக்கிறேன். அப்போது உனக்கு இருபத்தைந்தோ இருபத்தெட்டோ இருக்கும். நீ கதிரையில் இருந்து வாசிப்பாய். நான் குசினியில் ஏதோ வேலை செய்கிற மாதிரி நின்று உன் முகத்தைப் பார்ப்பேன். இப்போது நீ கம்பளத்தில் இருந்து என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். உனக்குப் பதினொரு மாதம். இடது முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கிறது. இன்று காலை பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் உன்னிடம் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வெள்ளிக்கிழமை வரும். மாதாமாதம் இன்னொருவரின் இரத்தத்தை ஏற்றி வாழவேண்டிய நோய் உனக்கு இருக்கிறதா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

வாயால் சொல்லலாமே, ஏன் எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். எனக்கு வாயால் சொல்ல வராது. நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்வதற்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எங்கள் பள்ளிக்கூடத்தில் சண்டையால் இடம்பெயர்ந்து வந்த சனங்களை இருத்தினார்கள். அவர்கள் போக ஒரு வருடத்துக்கு மேலானது. அதற்குள் எனக்குப் போக மனமில்லாமல் போய்விட்டது. ஆனால் கொப்பி எழுத்து எனக்கு வடிவாக வரும். நான் செய்த பிழைகளையும் அதே வடிவான எழுத்தில் எழுதிவைக்கிறேன். அவற்றில் ஒன்று உன்னைப் பற்றியது. அதனால் உனக்குத் தெரியவேண்டும்.

உன் அப்பா என் மாமாவின் மகன். என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணனுக்கு மூத்த மகன். நான் சட்டை போட்டுத் திரிந்த வயதில் அவர் கனடாவுக்குப் போய்விட்டார். எனக்குப் பதினேழு நடக்கும்போது பெண் கேட்டு வந்தார்கள். முறைதானே, ஒருவரும் இரண்டாம் தரம் யோசிக்கவில்லை. வருங்கால மனைவி என்று என்னை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டார். விமானத்தால் இறங்கி மூன்றாம் கிழமை கோயில் மண்டபத்தில் தாலி ஏறியது. அவரை நான் சின்ன வயதிலிருந்து மச்சான் என்றுதான் சொல்வேன். கலியாணத்துக்குப் பிறகும் அதே சொல். எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது, புதிய நாட்டில் பழைய ஆள் ஒருவர் என்று.

அந்த நிம்மதியைக் குலைத்தவர் குகன் அண்ணை. சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த பதினாலாம் மாடி அப்பார்ட்மென்ரில் உன் அப்பாவோடு முன்பு அறை எடுத்திருந்தவர் அவர். கலியாணம் முடிந்து இரண்டாம் நாள் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு எனக்கு அறிவுரை சொன்னார்.

“தங்கச்சி, இஞ்ச ஆரும் கேட்டா இவன் அடுத்த ஊர்ப் பொடியன் எண்டு சொல்லு. மாமா மகன், மச்சான் எண்டு வாயே திறக்காதை.”

“ஏன் அண்ணை?”

“உவங்கள் சொந்தத்துக்க கலியாணம் முடிக்கிறதைக் குற்றம் எண்டு பாக்கிற ஆக்கள். தெரிஞ்சா கலியாணம் செல்லாது எண்டு போடுவாங்கள். உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

உன் அப்பா சிரித்தார். “இவர் பெரிய லோயர்.”

“லோயரின்ர ஒபீசைக் கூட்டித் துடைக்கிறவன் நான். குப்பைக்கூடைக்குள்ள கிடக்கிறதை வாசிச்சே எனக்குப் பாதிச் சட்டம் தெரியும்.”

அப்பா சிரித்தாரே தவிர மறுத்துச் சொல்லவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. அவருடைய அகதி வழக்கு நாலு வருடம் இழுபட்டது. ஒரு வார்த்தை பிசகியதால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்று எத்தனையோ கதைகளைக் கேட்டவர். அன்றிலிருந்து வீட்டுக்கு வெளியே நான் அவரை ‘இஞ்சாருங்கோ’ என்று கூப்பிடத் தொடங்கினேன். தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில், தமிழ் தெரியாத சனத்துக்கு நடுவில்கூட மச்சான் என்று சொல்ல எனக்குப் பயமாயிருக்கும்.

நீ வயிற்றில் வந்து ஐந்தாம் மாதம் முதல் இரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். நான் சொன்னபடி போனேன். இரண்டு நாளில் திரும்பக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார்கள். இரண்டு இடத்தில் நட்சத்திரம். ஒன்றுக்குப் பக்கத்தில் ‘எச்’, மற்றதுக்குப் பக்கத்தில் ‘எல்’. அவ்வளவு ஆங்கிலம் எனக்குத் தெரியும். ஒன்று கூட, ஒன்று குறைய. சீனி கூடவாம், இரத்தம் குறையவாம். நோய் வருத்தம் ஒன்றும் இல்லாமல் படியேறி வந்தவளுக்கு இரண்டு வருத்தம். கண்ணீர் வந்துவிட்டது.

நான் போன கிளினிக்கில் இரத்தம் எடுக்கிறவ வசந்தி அக்கா. தமிழ்நாட்டுக்காரி. டொக்டருக்குத் தமிழ் தெரியாததால் எங்களைப் போன்ற ஆட்கள் வந்தால் அவதான் மொழிபெயர்ப்பும். ஊசியைக் குத்தும்போதும் கதை நிற்காது. அவ தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா.

“அன்னிக்குக் காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?”

“இல்லை அக்கா.”

“ஒண்ணுமே?”

“ஒண்டுமே இல்லை. தேத்தண்ணி மட்டும்தான் குடிச்சனான்.”

“தேத்தண்ணின்னா டீதானே? சக்கரை போட்டா?”

“மூண்டு கரண்டி. டின்பாலும் விட்டு.”

“அது சாப்பாடு இல்லையா?”

“அது தேத்தண்ணி, அக்கா.”

அவ மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தா. டொக்டர் என்ன என்று கேட்டார். அவ ஆங்கிலத்தில் சொல்ல அவரும் சிரித்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் அடுத்த நாள் தேத்தண்ணி இல்லாமல் போய் இரத்தம் கொடுத்தேன். ‘எச்’ காணாமல் போய்விட்டது. எனக்குச் சீனி வருத்தம் இல்லை. மூன்று கரண்டிச் சீனியை நான் ஒரு விஷயமாக எண்ணவில்லை, அதனால் சொல்லவில்லை; அவ்வளவுதான். ஒரு தாளில் நட்சத்திரம் விழுந்தால் முதலில் அந்த இரத்தம் எப்படி, எந்த நேரம், என்ன குடித்தபின் எடுக்கப்பட்டது என்று பார். அங்கேயே பாதிப் பயம் தீரலாம். இதை நான் அன்று கற்றேன். ஆனால் அரைகுறையாகத்தான் கற்றேன். மற்ற நட்சத்திரத்துக்கு அந்தப் பாடம் உதவவில்லை, அங்கே நான் வேண்டுமென்றே மறைத்தேன்.

‘எல்’ அப்படியே நின்றது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உடம்பில் நீர்த்தன்மை கூடி இரத்தம் கொஞ்சம் குறைந்தமாதிரிக் காட்டும். அது ஒரு காரணம் என்றார் டொக்டர். சாப்பாட்டில் இரும்புச்சத்துப் போதாமல் இருப்பது இன்னொன்று. இளம் பெண்களுக்கு அதுதான் அதிகம் என்றார். தாய்தகப்பனிடமிருந்து பரம்பரையாக வருவதும் உண்டு. அதைக் கேட்பதற்காக அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். வசந்தி அக்கா தமிழில் சொன்னா.

“உங்க குடும்பத்துல சின்ன வயசுலேயே ரத்தம் குறைஞ்சு செத்துப்போன குழந்தை உண்டா?”

இல்லை என்றேன். எனக்குத் தெரிந்து அது உண்மை.

“நீங்களும் உங்க வீட்டுக்காரரும் ஒருத்தருக்கொருத்தர் ரத்த சொந்தமா?”

குகன் அண்ணையின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. திருப்பி அனுப்பும் விமானம் வந்தது. நீ அப்போதுதான் வயிற்றில் துடிக்கத் தொடங்கியிருந்தாய்.

“இல்லை,” என்றேன். “அடுத்த ஊர்.”

டொக்டர் ஏதோ குறித்துக்கொண்டு இரும்பு மாத்திரை எழுதித் தந்தார். உன்னைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது. உனக்குப் பெயர் வைப்பதற்கு முன்னரே சொன்னேன்.

மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை. தேத்தண்ணியோடு குடித்தால் இரும்பு உடம்பில் சேராது என்று வசந்தி அக்கா சொன்னதால் தோடம்பழச் சாற்றோடு குடித்தேன். குகன் அண்ணை எங்கிருந்தோ பை பையாகப் பீட்ரூட் கொண்டுவந்து போட்டார். “ரத்தம் மாதிரியே நிறம், பாத்தியே? நேரா ரத்தத்துக்குத்தான் போகும்.” உன் அப்பா, “அப்ப கத்தரிக்காய் திண்டா ஊதா நிறமா ஓடுமோ?” என்று கேட்டார். நான் பீட்ரூட் கறி, பீட்ரூட் வறை, பீட்ரூட் சம்பல் என்று சாப்பிட்டுப் பல்லெல்லாம் சிவந்ததுதான் மிச்சம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதே ‘எல்’, அதே இடத்தில்.

டொக்டர் மாத்திரை ஒழுங்காகக் குடிக்கிறாயா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் வசந்தி அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள் என்பதே அதன் பொருள். நானோ யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுகிற பிள்ளை. எது உண்மையான ஓம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்று நான் கைப்பையைத் திறந்து இரண்டு வெறும் போத்தல்களையும் எடுத்து மேசையில் வைத்தேன். இந்த நாட்டில் நான் முதல்முதல் எதிர்த்துச் சொன்னது அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் போத்தல்களைப் பார்த்தார். பிறகு என் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் அதுவரை கவனிக்காத இன்னொரு வரியில் விரலை வைத்தார். சிவப்பணுவின் அளவு. மற்றவர்களுடையதைவிடச் சின்னது. இரும்பு குறைந்தாலும் சின்னதாகும். ஆனால் என் உடம்பில் சேர்ந்திருக்கிற இரும்பை அளந்து பார்த்தபோது அது போதியளவு இருந்தது. அப்படியானால் சின்னதாக இருப்பதற்கு வேறு காரணம் இருக்கவேண்டும். இன்னொரு பரிசோதனைக்கு இரத்தம் போனது. தலசீமியா என்ற சொல்லை அப்போதுதான் கேள்விப்பட்டேன். எனக்கு அந்த நோய் இல்லை. அதன் பாதி என்னிடம் இருக்கிறது. அந்தப் பாதியால் எனக்கு ஒரு குறையும் வராது. சாகும்வரை என் சிவப்பணுக்கள் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பிள்ளையின் தகப்பனிடமும் ஒரு பாதி இருந்தால்தான் சிக்கல். உடனே அவரைக் கூட்டிவா என்றார் டொக்டர்.

“எனக்கென்ன வருத்தம்?” என்றார் உன் அப்பா. “பாண் பக்ரரியில நாள் முழுக்க மா மூட்டை தூக்கிறன். வருத்தக்காரன் தூக்குவானே?”

“எனக்கும் வருத்தம் இல்லையாம், மச்சான். இருந்தும் தாளில கிடக்குது.”

ஒரு கிழமை இழுத்தடித்துவிட்டு வந்தார். அவருடைய தாளும் என்னுடையது போலவே இருந்தது. அதே சின்னச் சிவப்பணுக்கள், அதே பாதி.

வசந்தி அக்கா எங்களை இரத்தம் எடுக்கும் அறைக்குள் கூட்டிப்போய், குப்பிகளின் மூடிகளைக் கழற்றி மேசையில் வைத்தா. ஊதா இரண்டு, சிவப்பு இரண்டு. ஆளுக்கு ஒரு ஊதா, ஒரு சிவப்பு. “ஊதா நல்லது, சிவப்பு கோளாறுன்னு வெச்சுக்குங்க. குழந்தை உங்ககிட்ட ஒண்ணு, அவர்கிட்ட ஒண்ணு எடுக்கும். ரெண்டு ஊதா வந்தா ஒண்ணுமே இல்ல. ஒரு ஊதா ஒரு சிவப்புன்னா உங்கள மாதிரி. ரெண்டும் சிவப்பா வந்தாத்தான் கஷ்டம். மாசாமாசம் ரத்தம் ஏத்தணும்.”

உன் அப்பா மூடிகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார். “அப்ப நாலு பிள்ளை பெத்தா ஒண்டுக்கோ வரும்?”

“அப்படிக் கணக்கு இல்ல சார். ஒவ்வொரு குழந்தைக்கும் புதுசாக் குலுக்கிப் போடறதுதான்.”

அவர் சிவப்பு மூடிகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டுக் கையை எடுத்தார். வசந்தி அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா.

“ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பேருக்கும் காது ஒரே மாதிரி இருக்கு. மாமா பையன், அத்தை பொண்ணு, அப்படி ஏதாச்சும்?”

நான் நிலத்தைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரரே எங்க அத்தை பையன்தான்,” என்றா அவ, குப்பியில் பெயர் ஒட்டிக்கொண்டு. “எங்க பக்கத்துல சகஜம்.”

“இஞ்ச அது குற்றம் இல்லையா அக்கா?” அந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

“யாரு சொன்னா? குத்தம்னா நான் எப்பவோ ஜெயில்ல இருக்கணும்.”

“என்ர மாமா மகன்,” என்றேன். அழுகையோடு வந்தது. “மச்சான். முறை மச்சான்.” ஒரு வருடமாக வெளியில் சொல்லாத சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

டொக்டரிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. பேனையை மட்டும் கீழே வைத்தார். சொந்தத்தில் கட்டியதால் இந்தக் குறை உண்டாகவில்லை. அது குடும்பத்தில் முன்னரே இருந்தது. ஆனால் ஒரே குடும்பத்து ஆட்கள் கட்டும்போது இரண்டு பக்கமும் அதே பாதி இருப்பதற்கு இடம் அதிகம். முதல் நாளே தெரிந்திருந்தால் இரும்புக்காக இரண்டு மாதம் காத்திருக்க மாட்டேன், அப்போதே உங்கள் இருவரையும் பரிசோதித்திருப்பேன், பிள்ளையையும் வயிற்றில் வைத்தே பார்த்திருக்கலாம் என்றார். பார்த்தபின் என்ன செய்திருப்போம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் யோசிப்பதற்கு எங்களுக்குக் கிடைத்திருக்கவேண்டிய நேரத்தை நான் என் பொய்யால் தின்றுவிட்டேன் என்பது மட்டும் தெரியும். நீ பிறக்க ஒரு மாதம்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் உன் அப்பா குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையது. நான் நிலத்தில் இருந்து உனக்காக வாங்கிய சின்னச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வெட்டுவதை நிறுத்தினார்.

“எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள், தெரியுமோ?”

“காய்ச்சலிலை செத்துப்போனவ எண்டு அம்மா சொன்னவ.”

“காய்ச்சல் இல்லை.” திரும்பாமலே சொன்னார். “நீ பிறக்க முந்தி. ஒரு வயசுக்குள்ளயே வெளிறிப்போனாள். ஏணையில கிடந்தா துணி எது பிள்ளை எது எண்டு தெரியாது. பிறகு வயிறு மட்டும் பானை மாதிரி வீங்கினது. மாந்தம் எண்டாங்கள், செய்வினை எண்டாங்கள், நூல் கட்டினாங்கள். நாலு வயசில போயிட்டாள்.”

“ஏன் மச்சான் எனக்குச் சொல்லேல்லை?”

“பொம்பிளைப்பிள்ளையள் இருக்கிற வீடு, பரம்பரை வருத்தம் எண்டு கதை கட்டிவிடுவாங்கள் எண்டு அம்மா ஒருத்தருக்கும் சொல்ல விடேல்லை. நானும் சொல்லாமல் இருந்து இருந்து மறந்தமாதிரி ஆயிட்டன்.” கத்தியைக் கழுவினார், கழுவத் தேவையில்லாத கத்தி. “டொக்டர் கேட்டவர் எல்லே, குடும்பத்தில அப்பிடிப் பிள்ளை இருந்ததோ எண்டு. நீ இல்லை எண்டனி. நான் அங்க வந்திருந்தாலும் இல்லை எண்டுதான் சொல்லியிருப்பன்.”

அன்று அவரில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் நானும் அவரும் ஆளுக்கொன்றை மறைத்தோம். நான் பயத்தில், அவர் பழக்கத்தில். இரத்தத்தைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் காண்பது அணு சின்னதென்பதை மட்டும்தான். ஏன் சின்னது என்பதில் ஒரு பங்கு எங்கள் வாயில் இருந்தது.

நீ பிறந்தாய். மூன்று கிலோவுக்குக் கிட்ட, சிவந்த பிள்ளை. பிறந்தவுடன் பார்த்தால் இந்த நோய் சரியாகத் தெரியாது, ஒரு வயதை ஒட்டித்தான் தெளிவாகத் தெரியும் என்றார்கள். அதனால் பத்து மாதமாக நான் உன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் இமையை இழுத்து உட்பக்கம் சிவப்பா என்று பார்ப்பேன். நீ அதை விளையாட்டென்று நினைத்து என் கண்ணை இழுப்பாய். சித்திரைப் புதுவருடத்துக்குப் பட்டுச்சட்டை போட்டுப் படம் எடுத்தோம். அந்தப் படத்தில் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, உன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் நீ வெளிறத் தொடங்கினாய். முதலில் என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். பிறகு குகன் அண்ணையே, “என்ன இவன் வெள்ளைக்காரன் மாதிரி வாறான்?” என்று கேட்டார். உன் அப்பா எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார். குளிருக்குள் ஜக்கெற் இல்லாமல் நின்றார். கிளினிக்கில் உன் விரலில் குத்திப் பார்த்தார்கள். ‘எல்’.

டொக்டர் இந்த முறை நிறையக் கேட்டார். என்ன சாப்பிடுகிறான், எவ்வளவு பால் குடிக்கிறான் என்றெல்லாம். பாலைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த நாட்டில் பால் பை பையாக விற்கிறது. ஊரில் மாவைக் கரைத்துக் கொடுத்த காலத்தைக் கண்டவள் நான். எட்டாம் மாதத்திலிருந்து உனக்கு மாட்டுப்பால்தான். சோற்றைத் துப்பினால் பால், அழுதால் பால், நித்திரைக்குப் பால். வசந்தி அக்கா கையை நெற்றியில் வைத்தா. “ஒரு வயசுக்கு முன்னாடி இவ்வளவு மாட்டுப்பால் குடுக்கக் கூடாதும்மா. அதுல இரும்பே கிடையாது. வயிறு நிறைஞ்சிடும், வேற எதுவும் இறங்காது.” ஆகவே உன்னுடைய ‘எல்’லுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். என் பாலாக இருக்கலாம். எங்களைப் போன்ற ஒரு பாதியாக இருக்கலாம். இரண்டு சிவப்பு மூடிகளாகவும் இருக்கலாம். அதை அறியத்தான் இன்று காலை பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாலாக இருக்கவேண்டும், என் பிழையாகவே இருக்கவேண்டும் என்று எந்தத் தாயாவது வேண்டியிருப்பாளா? நான் ஸ்ட்ரீட்கார் முழுக்க அதைத்தான் வேண்டிக்கொண்டு போனேன்.

அங்கே வசந்தி அக்கா இல்லை. ஒரு படிவம் தந்தார்கள். தாயும் தகப்பனும் உறவா என்று ஒரு கேள்வி. அப்பா படிவத்தைக் கையில் எடுத்தார்; நான் வாங்கிக்கொண்டேன். ஓம் என்ற பெட்டியில் கோடு போட்டேன். கீழே, என் அம்மாவின் அண்ணன் மகன் என்று என் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தில் எழுதினேன். அதற்குக் கீழே, அவருடைய தங்கை ஒருத்தி நாலு வயதில் இறந்தாள், வெளிறிப்போய், வயிறு வீங்கி என்று எழுதினேன். கோடு போட்ட இடம் போதாமல் ஓரத்தில் எழுதினேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். உன்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, “வடிவான எழுத்து,” என்றார்.

நீ நித்திரையாகிவிட்டாய். செருப்பு உன் கையில் இருக்கிறது. மிச்சத்தை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். முடிவு எப்படி வந்தாலும் இதுவரை எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை.

அப்பா லீவு எடுத்திருந்தார். எங்கள் டொக்டரிடம்தான் முடிவு வந்திருந்தது. நாங்கள் கதிரையில் இருக்க முன்னரே அவர் சொல்லிவிட்டார். எங்கள் முகம் அப்படி இருந்திருக்கும். ஒரு பாதி. ஒரு ஊதா, ஒரு சிவப்பு. எங்களைப் போல. அதோடு இரும்பும் குறைவு, பாலினால்.

“அப்ப ரத்தம் ஏத்தத் தேவையில்லையோ?” என்று அப்பா கேட்டார். வசந்தி அக்கா சொன்ன பிறகும் இன்னொரு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது அவ, “பாலக் குறைங்க சார், அது போதும்,” என்றா. மூன்று மாதம் இரும்புச் சொட்டு. பருப்பு, இறைச்சி, கீரை. அதன் பிறகு உன் இரத்தம் எவ்வளவு ஏறுமோ அவ்வளவுதான். சிவப்பணுக்கள் சின்னதாகவே இருக்கும். அது உன் அளவு.

திரும்பி வரும்போது ஸ்ட்ரீட்காரில் சனம். அப்பா உன்னை மடியில் வைத்து உன் தொப்பியின் மேல் நாடியை ஊன்றிக்கொண்டிருந்தார். இரண்டு தரிப்பு கடந்தபின் சொன்னார்: “அவளுக்கு மலர்விழி எண்டு பேர். நான் மலர் எண்டுதான் கூப்பிடுறனான்.” அவ்வளவுதான் சொன்னார். இத்தனை நாளில் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. “நல்ல பேர், மச்சான்,” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மகனே, நீ எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒரு டொக்டர் உன் தாளைப் பார்த்து இரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை எழுதுவார். முதலில் இரும்பை அளந்து பார்க்கச் சொல். உனக்குத் தேவையில்லாத இரும்பு உடம்பில் சேர்வதும் நல்லதல்ல. என்னைப் போலத் தலையை ஆட்டிவிட்டு வராதே. கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், சொல்லப் பயமாக இருப்பதை முதலில் சொல். நீ கட்டப்போகிறவள் சொந்தக்காரியாக இருந்தாலும் சரி, மொழி தெரியாத ஒருத்தியாக இருந்தாலும் சரி. இந்தப் பாதி எங்கள் ஆட்களிடம் மட்டும் இருப்பதல்ல. உன் முடிவுத் தாளை இந்தக் கடிதத்தோடு மடித்து வைக்கிறேன். நாள் குறிக்க முன்னர் அதை அவளிடம் காட்டு. உனக்கு ஒரு அத்தை இருந்தாள், பெயர் மலர்விழி என்று சொல். அவளிடமும் அந்தப் பாதி இருந்தால் அதோடு எல்லாம் முடிந்துவிடாது; எங்களுக்குக் கிடைக்காத நேரம் உங்களுக்குக் கிடைக்கும், அவ்வளவுதான்.

அவளும் இரத்தம் கொடுக்கச் சம்மதித்தால் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். திரும்பி வரும்போது வீட்டுக்கு வாருங்கள், நான் தேத்தண்ணி போட்டு வைத்திருப்பேன். மூன்று கரண்டிச் சீனி, டின்பால். அதற்கு முன்னர் ஒன்றும் குடித்துவிட்டுப் போகாதீர்கள்.

அம்மா